மிதித்தால் மட்டும் அதிரும் ஹைலக்ஸ்: டயரா, புரொப்பெல்லர் ஷாஃப்டா?

டபுள்கேப்_செந்தூல்:
வணக்கம். வண்டி 2012 ஹைலக்ஸ் விகோ, ஆட்டோ கியர், பார்ட்-டைம் ஃபோர்வீல். டயர் 265/65 ஆர்17. போன மாதம் முன்னால் 2 இன்ச் தூக்கி, பின்னால் நீள ஷேக்கிள் (ஸ்பிரிங்கின் பின்முனையைச் சேசிஸோடு இணைக்கும் துண்டு) போட்டது. அன்றிலிருந்து 40-க்கும் 70-க்கும் நடுவில் எண்ணெயை (ஆக்ஸிலரேட்டரை) மிதித்தால் சீட்டுக்கு அடியில் 'உர்ர்ர்' என்று ஒரு அதிர்வு. 60-ல் ரொம்ப மோசம். கோம்பாக் டோல் தாண்டி ஏற்றத்தில் நன்றாகத் தெரிகிறது. காலை எடுத்தால் நின்றுவிடும். ஸ்டியரிங் ஆடவில்லை. டயர் பேலன்ஸ் இரண்டு தடவை செய்தாச்சு. ஒரு விநோதம்: ரவூப்பிலிருந்து டுரியான் ஏற்றி வரும்போது சத்தமே இல்லை! எங்கே பார்ப்பது?

மண்வாரி:
தோட்டத்துக்குப் போகிற வண்டி என்றால் முதலில் ரிம்மின் உள்பக்கம் பாருங்கள். செம்மண் காய்ந்து அப்பியிருந்தால் எந்த பேலன்ஸும் நிற்காது. எச்4-லிருந்து (நான்கு சக்கர ஓட்டம்) எச்2-க்கு (இரண்டு சக்கரம்) மாற்றினீர்களா என்றும் பாருங்கள். காய்ந்த தாரில் எச்4-ல் ஓட்டினால் முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டு வண்டி முறுகும். இந்த ஹைலக்ஸில் முன், பின் வேக வித்தியாசத்தைச் சமாளிக்கும் சென்டர் டிஃப் கிடையாது. சூப்பர் செலக்ட் (சென்டர் டிஃப் உள்ள ஃபோர்வீல் முறை) உள்ள மிட்சுபிஷி கதை வேறு.

யூஜாயின்ட்:
மண் சரிதான், ஆனால் இது டயர் இல்லை தம்பி. டயர் என்றால் காலை எடுத்தாலும் ஆடும். கணக்கையும் பாருங்கள். இந்த டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.44 மீட்டர். 60-ல் போனால் நொடிக்கு 7 சுற்றுதான். அது உடம்பைக் குலுக்கும், உறுமாது. டிஃப் (பின் ஆக்ஸில் நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டி) ரேஷியோ 3.9 என்று வைத்தால், கியர்பாக்ஸிலிருந்து டிஃபுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் நொடிக்கு சுமார் 27 சுற்று. யூ-ஜாயின்ட் (ஷாஃப்டைக் கோணத்திலும் சுழல விடும் மூட்டு) கோணம் தப்பினால் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை இடிக்கும், அதாவது 53 ஹெர்ட்ஸ். நீங்கள் சொல்லும் 'உர்ர்ர்' அதுதான். அதிர்வு அளக்கும் ஆப்பைக் கைப்பேசியில் போட்டு சீட் ரெயில் மேல் வைத்துப் பாருங்கள்.

உறுதி செய்ய, ஆளில்லாத சமமான சாலையில் 70 வரை கொண்டுபோய் நியூட்ரலில் உருள விடுங்கள். எஞ்சினை அணைக்காதீர்கள், காராக் இறக்கத்தில் இதை முயற்சிக்கவே வேண்டாம். 60-ஐக் கடக்கும்போது அமைதியாக இருந்தால் பளுவில் மட்டும் வரும் கோளாறு. அதே அதிர்வு இருந்தால் ஷாஃப்ட் பேலன்ஸைப் பாருங்கள். நிறுத்தி வைத்து ரெவ் கொடுத்தாலும் வருகிறதென்றால் எஞ்சின் மவுன்டிங் அல்லது எக்சோஸ்.

டுரியான் விஷயம்தான் முக்கியமான தடயம். லோடு ஏறினால் பின்பக்கம் தாழும், ஷாஃப்டின் சரிவு குறையும், சத்தம் போய்விடும். கோணம்தான், வேறெதுவும் இல்லை. நீள ஷேக்கிள் போட்டால் ஸ்பிரிங்கின் பின்முனை இறங்கி ஆக்ஸிலே திரும்பும்; டிஃப் மூக்கு (ஷாஃப்ட் வந்து சேரும் முனை) மேலே பார்க்கும். எண்ணெயை மிதிக்கும்போது ஸ்பிரிங் முறுகி மூக்கு இன்னும் தூக்கும். அதனால்தான் மிதித்தால் மட்டும்!

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரம் தரையில் இருக்கும்போதே நான்கு இடத்தில் கோணம் அளந்து போடுங்கள்: கியர்பாக்ஸ், முன் ஷாஃப்ட், பின் ஷாஃப்ட் (இரண்டும் டிஃபுக்குப் போகும் ஷாஃப்டின் இரு துண்டுகள்), டிஃப் பினியன் (அந்த மூக்கு). சேசிஸில் ஜாக்கி வைத்துத் தூக்கினால் ஆக்ஸில் தொங்கும், அளவு எல்லாம் பொய்.

பாயான்_கிரீஸ்:
பினாங்கிலிருந்து ஒரு சேர்க்கை. அளப்பதற்கு முன் யூ-ஜாயின்ட் கப்களைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். செங்கல் பொடி மாதிரி துருத்தூள் ஒட்டினால் உள்ளே ஊசி பேரிங் காய்ந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும். ஆற்றைக் கடக்கிற வண்டிகளில் இது சகஜம். ஷாஃப்டின் இரு துண்டுகளுக்கும் நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கின் ரப்பர் கிழிந்து ஷாஃப்ட் தொங்குகிறதா என்றும் கையால் தள்ளிப் பாருங்கள். ஸ்லிப் யோக்குக்கு (ஷாஃப்ட் நீளம் கூடிக் குறைய வழுக்கும் இணைப்பு) கிரீஸ் அடிக்கும்போது ஷாஃப்ட் நகர ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள். அளவுக்கு மீறி அடைத்தால் உள்ளே போக இடமில்லாமல் டிஃபையும் கியர்பாக்ஸையும் தள்ளும்.

டபுள்கேப்_செந்தூல்:
நன்றி அண்ணா. நியூட்ரலில் அமைதி. துருத்தூள் இல்லை, ரப்பர் நல்லா இருக்கு. அளவு: கியர்பாக்ஸ் 3.0, முன் ஷாஃப்ட் 3.5, பின் ஷாஃப்ட் 8.0, பினியன் 5.5. எல்லாமே பின்பக்கம் தாழ்வாக.

யூஜாயின்ட்:
அளவே சொல்லிவிட்டது. நடு ஜாயின்ட் 8.0 கழித்தல் 3.5, அதாவது 4.5 டிகிரி. டிஃப் ஜாயின்ட் 2.5 தான். இரண்டும் ஒரு டிகிரிக்குள் ஒத்திருந்தால்தான் ஒன்றின் ஏற்ற இறக்கத்தை இன்னொன்று அடக்கும். ஒவ்வொன்றும் 3-க்குள் இருப்பது நல்லது. பூஜ்யமும் கூடாது, ஊசிகள் ஒரே இடத்தில் நின்று குழி விழும். அரை டிகிரியாவது வேண்டும்.

சென்டர் பேரிங் பிராக்கெட்டுக்கும் சேசிஸுக்கும் நடுவில் 12 மில்லி ஸ்பேசர், அதற்கேற்ற நீள போல்ட். முன் ஷாஃப்ட் சுமார் 600 மில்லி, பின் ஷாஃப்ட் சுமார் 1000 மில்லி இருந்தால் முன்னது 4.6-க்கு இறங்கும், பின்னது 7.3-க்கு வரும். ஜாயின்ட்கள் 1.6, 2.7, 1.8. உங்கள் ஷாஃப்டை டேப் வைத்து அளந்துவிட்டு ஸ்பேசரை வெட்டக் கொடுங்கள்.

அதன் பிறகும் மிதிக்கும்போது கொஞ்சம் மிச்சமிருந்தால், ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் 1 டிகிரி ஆப்பு. இந்த வண்டியில் ஸ்பிரிங் ஆக்ஸிலுக்கு மேலே இருப்பதால் தடித்த பக்கம் முன்னால் வர வேண்டும், அப்போதுதான் மூக்கு தாழும். திருப்பிப் போட்டால் இப்போது இருப்பதைவிட மோசமாகும். அலுமினியம் ஆப்பு வேண்டாம், நசுங்கும், இரும்புதான். 500 கிலோமீட்டர் ஓடியதும் ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு பிடிக்கும் யூ-போல்ட்டை மறுபடி முறுக்குங்கள்.

ஷாஃப்டைக் கழற்றும் முன் ஃபிளாஞ்சிலும் (போல்ட் போடும் தட்டு) ஸ்லிப் யோக்கிலும் வெள்ளைப் பெயின்டில் கோடு போடுங்கள். ஒரு பல் தள்ளிப் பொருத்தினாலும் இரு முனை யோக்கும் ஒரே நேர்கோட்டில் வராது, நீங்கள் கோணத்தைத் தேடித் தேடி அலைவீர்கள். ஷாஃப்டைக் கழற்றி போமன் (மெக்கானிக்) கையில் கொடுத்தால் அந்தக் கோட்டை அவருக்குக் காட்டியே கொடுங்கள்.

மண்வாரி:
அந்த நீள ஷேக்கிளையே எடுத்துவிட்டால் என்ன? 2 இன்ச் நீளம் கூட்டினால் ஆக்ஸிலில் 1 இன்ச்தான் உயரும்.

யூஜாயின்ட்:
எடுத்துவிடலாம், அதுதான் மலிவு. உயரம் வேண்டும் என்றால் ஷேக்கிளைப் பழையபடி வைத்து ஸ்பிரிங்கையே மாற்றுங்கள். எதைச் செய்தாலும் மறுபடி அளக்க வேண்டும்.