எல்டிஸ்பைஸ் மான்டே கார்லோ: எம்சி போட்டால் 62 ஹெர்ட்ஸ், காஸ் போட்டால் 36. எதை எடுத்துக்கொள்வது?

கேள்வி:
கெயின் 1 உள்ள சாலன்-கீ (ஒரு ஆப்-ஆம்ப் வைத்த) லோ பாஸ் ஃபில்டர். ரெசிஸ்டர் இரண்டும் 10 கிலோஓம், டாலரன்ஸ் 1%. அவுட்புட்டிலிருந்து திரும்பி வரும் சி1 22 நானோஃபாரட், ஆப்-ஆம்பின் ப்ளஸ் இன்புட்டிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் சி2 10 நானோஃபாரட், இரண்டும் 10%. சர்க்யூட் சிமுலேட்டரான எல்டிஸ்பைஸில் பாகங்களின் மதிப்பை ரேண்டமாக மாற்றி (மான்டே கார்லோ), ஸ்டெப் கட்டளையில் 1000 ரன் ஓட்டி, அவுட்புட் 0.7071-க்கு இறங்கும் அதிர்வெண்ணை (மைனஸ் 3 டெசிபல் புள்ளி) மெஷர் கட்டளையால் எடுக்கிறேன். பெயரளவு மதிப்பில் 1123 ஹெர்ட்ஸ். எம்சி ஃபங்ஷனில் சிக்மா (திட்ட விலக்கம், அதாவது சிதறலின் அளவு) 62 ஹெர்ட்ஸ். டாலரன்ஸை 3-ஆல் வகுத்து காஸ் ஃபங்ஷனில் (மணி வடிவப் பரவல்) கொடுத்தால் 36. எது சரி? மென்பொருளை மூடித் திறந்து ஓட்டினாலும் கடைசி இலக்கம் வரை அதே எண்கள்தான். ரேண்டம் வேலை செய்கிறதா?

பதில் 1:
இரண்டும் சரியான கணக்குதான், அனுமானம்தான் வேறு. எம்சி என்பது சமப் பரவல்: சி2 என்றால் 9-லிருந்து 11 நானோஃபாரட் வரை எந்த மதிப்புக்கும் ஒரே வாய்ப்பு. அதன் சிக்மா டாலரன்ஸை √3-ஆல் வகுத்தது, அதாவது 10%-க்கு 5.77%. நீங்கள் காஸுக்குக் கொடுத்தது 3.33%. விகிதம் 1.73, உங்கள் 62-க்கும் 36-க்கும் இடையே இருப்பதும் அதுவே. காஸ் போடும்போது பெரும்பாலான பாகங்கள் பெயரளவு மதிப்பை ஒட்டியே இருக்கும் என்று நாமே சொல்லிவிடுகிறோம். ஒரே ரீலில் உள்ள கெப்பாசிட்டர் அத்தனையும் ஒரு பக்கமாகச் சாய்ந்து இருக்கலாம். அளந்த தரவு கையில் இல்லையென்றால் எம்சியே பாதுகாப்பு.

எண்கள் மாறாததற்குக் காரணம், ஒவ்வொரு முறையும் ரேண்டம் எண் வரிசை அதே விதை எண்ணிலிருந்து தொடங்குவது. எல்டிஸ்பைஸ் 17-ல் கன்ட்ரோல் பேனலின் ஹேக்ஸ் பக்கத்தில், கடிகாரத்திலிருந்து விதை எடுக்கும் தேர்வு இருக்கிறது. ஆனால் இரண்டு டிசைனை ஒப்பிடும் வரை அதைத் தொடாதீர்கள்; ஒரே விதையில் ஓட்டினால்தான் வித்தியாசம் டிசைனால் வந்தது என்று தெரியும்.

பதில் 2:
பரவல் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தீர்களா? ஒரு பாகத்துக்கு மட்டும் டாலரன்ஸ் வைத்து, மற்றதைப் பூஜ்யமாக்கி ஓட்டுங்கள். இந்தச் சர்க்யூட்டில் சி2 1% கூடினால் மைனஸ் 3 டெசிபல் புள்ளி ஏறக்குறைய 0.95% இறங்கும். சி1 1% கூடினால் வெறும் 0.05%. சி1 ஏறும்போது இயல்பு அதிர்வெண் இறங்குகிறது, ஆனால் க்யூ (வளைவின் கூர்மை) ஏறி அதைத் தாங்கிப் பிடித்துவிடுகிறது. சி2-வில் இரண்டும் ஒரே பக்கம் இழுக்கின்றன. செலவழிக்க வேண்டிய இடம் சி2 மட்டுமே.

கேள்வி கேட்டவர்:
சி2-வை மட்டும் 2% ஆக்கினேன். எம்சியில் 62 இருந்தது 14 ஆகிவிட்டது! இனி சி1 10%-இலேயே இருக்கலாமா? 1000 ரன் போதுமா?

பதில் 2:
சிக்மாவுக்குப் போதும். காஸ் பரவலென்றால் 100 ரன்னில் சிக்மாவின் பிழையே சுமார் 7%, 1000-ல் சுமார் 2%. கழிவு விகிதம் (ஸ்பெக்கில் தோற்கும் சர்க்யூட்டுகளின் பங்கு) வேறு விஷயம்: 300 ரன்னில் ஒன்றுகூடத் தோற்கவில்லை என்றாலும், உண்மைக் கழிவு 1% வரை இருக்கலாம் என்றுதான் 95% உறுதியோடு சொல்ல முடியும்.

சி1-ஐ விடுமுன் உச்சத்தையும் (கெயின் 1-ஐத் தாண்டி எழும்பும் அளவு) அளந்துவிடுங்கள். பெயரளவில் அது 0.04 டெசிபல், சி1 10% கூடினால் 0.13. ஸ்பெக் அதைத் தாங்குமா என்பது உங்களுக்குத்தான் தெரியும். இன்னொன்று, சி1 எக்ஸ்7ஆர் வகை செராமிக் கெப்பாசிட்டர் என்றால் மைனஸ் 55-லிருந்து 125 டிகிரி வரை இன்னும் 15% நகரலாம். டிசி வோல்டேஜிலும் மதிப்பு குறையும். எம்சியில் போட்ட 10%-க்குள் இவை எதுவும் வராது. வெப்பத்துக்கும் வோல்டேஜுக்கும் ஏறக்குறைய அசையாத சி0ஜி வகை போட்டால் இந்தத் தொல்லை இல்லை.