ஏர் பாலிஷிங்: தமிழில் என்ன சொல்வது?

கும்பகோணம், பல் மருத்துவர்:
வணக்கம். நோயாளி ஒப்புதல் படிவத்தில் ‘ஏர் பாலிஷிங்’ என்றிருப்பதை மாற்ற வேண்டும். ‘காற்று மெருகேற்றம்’ எனக்கு ஒப்பவில்லை. மெருகு என்றதும் பல் வெளுக்கும் என்று எதிர்பார்ப்பார்கள். நடப்பது வேறு. அழுத்தக் காற்று மெல்லிய தூளைச் சுமந்து வர, முனையில் நீர் சேர்ந்துகொள்ள, மூன்றும் மோதி நுண்ணுயிர்ப் படலத்தையும் கறையையும் பெயர்க்கின்றன. வெற்றிலைக் கறை போகும். கெட்டிப்பட்ட காரை போகாது, அதற்குச் சுரண்டியெடுக்கும் கருவியான ஸ்கேலர்தான். ‘தூள்தெளிப்பு’ என்று போடலாமா?

மன்னார்குடி, மொழிபெயர்ப்பாளர்:
தெளிப்பு வேண்டாம் டாக்டர். நம் பக்கம் தெளிப்பு என்றாலே வயலுக்கு மருந்தடிப்பதுதான். ‘பொடி’யும் ஆகாது, பல்பொடி என்றே எண்ணிக்கொள்வார்கள். ‘தூள்வீச்சுத் துலக்கல்’ என்று வைக்கலாம். துலக்குதல் பல்லுக்கும் பாத்திரத்துக்கும் ஏற்கெனவே வழங்கும் சொல், யாருக்கும் விளக்கவேண்டியதில்லை.

தஞ்சாவூர், ஈறுநோய் மருத்துவர்:
துலக்கல் சரி. ஆனால் எந்தத் தூள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சோடியம் பைகார்பனேட்டில் துகள் பெரிது. சராசரி 40, 65 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்ற அளவுகளில் வருகிறது. எனாமல் கறைக்கு அது போதும். ஈறு இறங்கி வேர் தெரிகிற இடத்தில் அடித்தால் வேரை அரித்துவிடும். பல்நிற அடைப்பின் மேற்பரப்பும் சொரசொரத்துப் போகும். உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவருக்கும் அது வேண்டாம். மற்ற தூள்களில் கிளைசின் சுமார் 25 மைக்ரான், எரித்ரிட்டால் சுமார் 14. ஈறோரத்துக்கும், தாடை எலும்பில் பதிக்கும் செயற்கை வேரான இம்பிளாண்டுக்கும் இவைதான். ஆஸ்துமா உள்ளவர்களிடம் எந்தத் தூளானாலும் யோசித்தே செய்யவேண்டும்.

இன்னொன்று. முனை பல்லிலிருந்து 3 முதல் 5 மி.மீ. தள்ளி நிற்கவேண்டும், சாய்வு முன்பற்களுக்கு 60 பாகை, கடைவாய்ப் பற்களுக்கு 80, மெல்லும் பரப்புக்கு 90. ஒரே இடத்தில் நிறுத்தாமல் சிறு வட்டமாக நகர்த்திக்கொண்டே போகவேண்டும். சாதாரண முனையை ஈறுப்பைக்குள் (ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள இடுக்கு) நேராகக் காட்டினால் காற்று திசுவுக்குள் புகுந்துவிடும். கன்னம் சட்டென்று வீங்கும். விரலால் அழுத்தினால் நறநறக்கும். அரிதுதான், ஆனாலும் கையெழுத்துப் போடுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெயரில் ‘காற்று’ இல்லாதது குறையாகப் படுவது அதனால்தான்.

மன்னார்குடி:
அப்படியானால் ‘காற்றுத்தூள் துலக்கல்’. நீர் விடுபடுகிறது, போகட்டும்; மூன்றையும் கோத்தால் வாயில் நுழையாது.

நாகப்பட்டினம், கருவி பழுதுபார்ப்பவர்:
கருவியில் தூள் நிரப்பும் பவுடர் சேம்பருக்கு ‘தூள்கிண்ணம்’ என்று வையுங்கள். பழுதில் பாதி அங்கேதான் தொடங்குகிறது. கம்ப்ரஸர் தொட்டியில் தேங்கிய தண்ணீரைத் தினமும் வடிக்காவிட்டால் ஈரக்காற்று கிண்ணத்துக்குள் போய்த் தூள் கட்டிக்கொள்ளும். முனையில் நீரும் காற்றும் வரும், தூள் வராது. உடனே அழுத்தத்தைக் கூட்டுகிறார்கள், அடைப்பு இன்னும் இறுகுகிறது. குறித்த கோட்டுக்கு மேல் நிரப்பக்கூடாது. இரவில் தூளைக் கிண்ணத்திலேயே விடக்கூடாது, கடலோரத்தில் சொல்லவே வேண்டாம். மூடியின் மரையில் வெள்ளையாகத் தூள் படிந்திருந்தால், கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அழுத்தத்தை இறக்கிய பிறகே மூடியைத் திறக்கவேண்டும்.

கும்பகோணம்:
‘காற்றுத்தூள் துலக்கல்’ என்றே அச்சுக்குப் போகிறது. அதன் கீழே தூளின் பெயரை எழுத ஒரு கோடு விடுகிறேன். ‘தூள்கிண்ணம்’ பராமரிப்புத் தாளில் வரும். ஓ-ரிங் அப்படியே இருக்கட்டும், கடையில் அந்தப் பெயரில்தானே கேட்டு வாங்கவேண்டும்.