போர்வெல் தண்ணீர் ரிப்போர்ட்

ரேவதி: லேப் ரிப்போர்ட் வந்துவிட்டது. போர் தண்ணீரில் யுரேனியம் லிட்டருக்கு 47 மைக்ரோகிராம்.

கார்த்தி: யுரேனியமா??

பத்மா அத்தை: ஐயோ, பேரன் குடிக்கிறானே

முருகன் சித்தப்பா: குண்டு செய்வார்களே, அதுவா

கார்த்தி: இனி ராத்திரி லைட் போட வேண்டாம் சித்தப்பா, நாமே ஒளிருவோம்

சேகர் மாமா: ஒளிராது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 30, அதைத் தாண்டியிருக்கிறது, உண்மைதான். ஆனால் யுரேனியம்-238 பாதியாகக் குறையவே சுமார் 447 கோடி ஆண்டு ஆகும். அவ்வளவு மெதுவாகச் சிதைவதால் இந்த அளவில் கதிர்வீச்சைவிடச் சிறுநீரகம்தான் கவலை. ஈயத்தைப் போல ஒரு கன உலோகமாகப் பாருங்கள்.

பத்மா அத்தை: நான் கொதிக்க வைத்துத்தானே கொடுக்கிறேன்

சேகர் மாமா: கொதித்தால் போவது நீராவி. யுரேனியம் பாத்திரத்திலேயே இருக்கும். சுண்டச் சுண்ட அடர்த்தி ஏறும்.

பத்மா அத்தை: இதை இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை

ரேவதி: பாறையில் இருப்பது தண்ணீருக்குள் எப்படி மாமா வந்தது?

சேகர் மாமா: நல்ல கேள்வி. ஆக்சிஜன் எட்டாத ஆழத்தில் அது +4 நிலையில், அதாவது நான்கு எலக்ட்ரான் இழந்த நிலையில் இருக்கும், பெரும்பாலும் கரையாது. ஆக்சிஜனோ உரத்திலிருந்து இறங்கும் நைட்ரேட்டோ பட்டால் +6 ஆகி, இரண்டு ஆக்சிஜனோடு யுரேனைல் அயனியாகக் கரையும். அப்போதும் மண்ணிலுள்ள இரும்புத் துரு அதை ஒட்டிப் பிடிக்கும். ஆனால் ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கம் பாருங்கள், பைகார்பனேட்டும் கால்சியமும் எக்கச்சக்கம். கார்பனேட் யுரேனைலைச் சூழ்ந்துகொண்டால் துருவால் பிடிக்க முடியாது, தண்ணீரோடு போய்விடும்.

கார்த்தி: சுருக்கமாக?

சேகர் மாமா: இதுதான் சுருக்கம்.

முருகன் சித்தப்பா: பழைய கிணற்றை மூடாதீர்கள் என்று அன்றைக்கே சொன்னேன்

பெரியப்பா: ஆரம்பித்துவிட்டான்

முருகன் சித்தப்பா: போர் அந்த மூலையில்தான் என்று முடிவு செய்தது யார் அண்ணா

பெரியப்பா: தூர் வாரக் கூப்பிட்டபோது நீ எங்கே இருந்தாய்

ரேவதி: அதெல்லாம் அப்புறம்

பத்மா அத்தை: பையன் மண்ணில் விளையாடுகிறானே. செர்னோபிலில் மண்ணே கெட்டுப்போனது என்றார்களே

சேகர் மாமா: அது வேறு பத்மா. 1986இல் அங்கே விழுந்ததில் முக்கியமானது சீசியம்-137, அரை ஆயுள் 30 ஆண்டு. பொட்டாசியம் மாதிரி நடந்துகொள்ளும். களிமண்ணின் ஏடுகளுக்கு நடுவே புகுந்து மாட்டிக்கொள்ளும், அதனால்தான் மேல்மண்ணைவிட்டு எளிதில் இறங்காது. செடி அதை உறிஞ்சாமலிருக்க வயலில் பொட்டாசிய உரம் போட்டார்கள். ஸ்ட்ரான்சியம்-90 கால்சியம் மாதிரி, எலும்பில் போய்ச் சேரும். பாறையில் இயல்பாகவே இருக்கும் தோரியமோ லேசில் கரையாது, மண்ணோடு ஒட்டிக் கிடக்கும்.

முருகன் சித்தப்பா: ஆளுக்கொரு குணம்

கார்த்தி: தோரியம் நம் பெரியப்பா

கார்த்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா: படித்துவிட்டேன்

ரேவதி: விஷயத்துக்கு வாருங்கள். தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் போட்டால் போதுமா?

சேகர் மாமா: போதாது. அது நேர்மின் அயனிகளைப் பிடிக்கும், ரேடியம் சிக்கும். கார்பனேட்டோடு சேர்ந்த யுரேனியம் பெரும்பாலும் எதிர்மின், நழுவிவிடும். குடிக்கவும் சமைக்கவும் ஆர்.ஓ. போடு. குளிக்க, துவைக்க இதே தண்ணீர் போதும்.

ரேவதி: ஆர்.ஓ. கழிவு நீரைப் பாத்திரம் கழுவப் பிடித்து வைக்கலாமா?

சேகர் மாமா: வேண்டாம், வெளியேற்றிய யுரேனியம் அதில்தான் இருக்கும்.

பெரியப்பா: கீழே ஒன்று போட்டால் போதும், மாடிக்குத் தனியாக எதற்கு

முருகன் சித்தப்பா: அப்போ நான் தினமும் குடம் தூக்கவா

ரேவதி: முதலில் வேறு லேபில் இன்னொரு முறை பார்ப்போம். பாட்டிலை யார் கொண்டுபோவது?

கார்த்தி: ஞாயிறு பார்க்கலாம்

சேகர் மாமா: குரல் பதிவு, 7 நிமிடம் 42 நொடி

பத்மா அத்தை: தொட்டியையும் கழுவிவிடலாம். ஏணி யாரிடம் இருக்கிறது?

பெரியப்பா: முருகனைக் கேள்