புதுப்பிப்பு: பட்டாணியோட கடலூர் வந்தாச்சு

போன வாரம், "வேனையே வீடாக்கி ஈசிஆர்ல கிளம்பறோம், 4 கிலோ நாய்க்குட்டி பட்டாணி தாங்குமா?"ன்னு கேட்டிருந்தேன். தாங்கிட்டா. எனக்குத்தான் முதுகு போச்சு.

மரக்காணம் உப்பளம் வரைக்கும் பட்டாணிக்குத் தூக்கம். புதுச்சேரி கடற்கரைச் சாலையில 4 மணிக்குத் தரையில புறங்கையை வெச்சுப் பார்த்தேன். சூடு தாங்காம அஞ்சு எண்ணறதுக்குள்ள எடுத்துட்டேன். சாயங்காலம் அங்க வண்டி விடமாட்டாங்க, தரையும் ஆறிடுச்சு. அப்புறம்தான் பட்டாணியை இறக்கினேன்.

கடலூர் சில்வர் பீச்சில வலையில கிடந்த நண்டைப் பார்த்து ஒரே குரைப்பு. நண்டு ஒரு கொடுக்கைத் தூக்குச்சு, இவ என் காலுக்கு நடுவுல! கடல்தண்ணி குடிச்சு ரெண்டு தடவை வாந்தி வேற. இனி நல்ல தண்ணி பாட்டில் இல்லாம மணல்ல இறங்கறதில்ல.

மூடின வேன்ல தனியா விடவே இல்லை. அதனால நானும் வீட்டுக்காரரும் முறை வெச்சுத்தான் சாப்பிட்டோம். நாளைக்குப் பிச்சாவரம் பக்கம்.