பனி கொட்டும் நாளில் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகத்தான் வேண்டுமா?

இரட்டைச்சுமை:
"மோசமான வானிலை என்று ஒன்று கிடையாது, மோசமான உடைதான் உண்டு." வட ஐரோப்பாவில் வழங்கும் பழமொழியாம். மகளின் காப்பகத்தில் இதைக் கதவிலேயே ஒட்டி வைத்திருக்கிறார்கள். இதைச் சொன்ன புண்ணியவான் மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒருநாளாவது பனி உடை மாட்டியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்று காலை நடந்ததைக் கேளுங்கள். உள்ளாடை, கம்பளிச் சட்டை, இரண்டு ஜோடிக் காலுறை, பனி உடை, பூட்ஸ், குல்லா. கையுறையில் கட்டைவிரல் போகவேண்டிய இடத்தில் நான்கு விரல்களும் போய், கழற்றி, மறுபடி மாட்டி, ஜிப்பைத் தாடைவரை ஏற்றிவிட்டு நிமிர்கிறேன். "அம்மா, ஒன்றுக்கு." எல்லாவற்றையும் உரிக்க வேண்டியதாயிற்று. அதற்குள், முன்பே உடுத்திப் படுக்கவைத்திருந்த ஏழு மாதக் கைக்குழந்தை வியர்த்து விறுவிறுத்துக் கத்தத் தொடங்கிவிட்டான். உடுத்த நாற்பது நிமிடம். வெளியே இருந்தது எட்டு நிமிடம். அதிலும் ஐந்து நிமிடம் அவள் பனியில் மல்லாந்து படுத்துக்கொண்டு எழ மறுத்தாள்.

பனி நாளில் வீட்டிலேயே இருந்துவிடுவது சோம்பேறித்தனமா? நேர்மையாகச் சொல்லுங்கள்.

கம்பளிக்காரி:
சோம்பேறித்தனம் என்று சொல்லமாட்டேன். ஆனால் தப்புக்கணக்கு. காலையில் மிச்சப்படுத்திய நாற்பது நிமிடத்தை மாலைக்குள் வட்டியோடு கொடுத்துவிடுவீர்கள். நான்கு சுவருக்குள் அடைத்த பிள்ளை மூன்று மணிக்கு மேல் சோபாவின் முதுகில் ஏறி நிற்கும்.

நீங்கள் வரிசையை மாற்ற வேண்டும். முதலில் கழிப்பறை, அவள் வேண்டாம் என்றாலும். பிறகு பெரியவள். நீங்கள் உடுத்திக்கொண்ட பிறகு, கடைசியாகத்தான் கைக்குழந்தை. ஸ்வீடன், நார்வே போன்ற நார்டிக் நாடுகளில் கைக்குழந்தைகளைத் தள்ளுவண்டியில் போர்த்தி, குளிர்காலத்திலும் வெளியே தூங்கவைப்பது சர்வசாதாரணம். பனியில் போனால் சளி பிடிக்கும் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். சளியைக் கொண்டுவருவது வைரஸ். அடைத்த அறையில் எல்லோரும் ஒருவர் மூச்சை ஒருவர் இழுத்துக்கொண்டிருந்தால் அதற்குக் கொண்டாட்டம்தான்.

வழுக்கி விழுந்தவன்:
நார்டிக் குழந்தை தூங்கட்டும். அந்த வண்டியைப் பனியில் தள்ளுகிறவனைப் பற்றி யாராவது பேசுங்கள்!

சிறு சக்கரம் கொண்ட தள்ளுவண்டி புதுப்பனியில் நகராது. முன்சக்கரம் புதைந்து நின்றுவிடும். திருப்பிப் பிடித்துப் பின்பக்கமாக இழுத்துப் போனால் கொஞ்சம் தேவலை. சரி, வண்டி வேண்டாம், குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொள்ளலாம் என்றால் கால் எங்கே படுகிறது என்றே தெரியாது. போன குளிர்காலத்தில் கண்ணாடிபோல் உறைந்திருந்த நடைபாதையில் அப்படித்தான் விழுந்தேன். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, முழங்கையை நான் கொடுத்தேன். குளிருக்கு உடை உண்டு. வழுக்கலுக்கு எந்த உடை? என் ஓட்டு இரட்டைச்சுமைக்கு.

கம்பளிக்காரி:
வழுக்கலுக்கும் உண்டு, ஐயா. பூட்ஸின் அடியில் மாட்டும் முள்பட்டை. பாதத்தைத் தட்டையாக வைத்துச் சின்னச் சின்ன அடியாக நடக்க வேண்டும். நடைபாதை சரியில்லையா, வீட்டு வாசலிலேயே ஒரு வாளியும் கரண்டியும் கொடுத்து உட்காரவிடுங்கள். வெளியே போவது என்றால் ஊர்வலம் போவதில்லை.

முன்னாள் செவிலி:
இரண்டு கட்சியும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். கனடாவின் குழந்தை மருத்துவச் சங்கம் இதற்கு ஓர் எல்லை சொல்கிறது: வெப்பநிலையோ, காற்றோடு சேர்த்துக் கணக்கிட்ட குளிரோ மைனஸ் 27 டிகிரி செல்சியஸுக்குப் போய்விட்டால் பிள்ளைகள் வீட்டுக்குள். திறந்த தோல் அந்தக் குளிரில் உறையத் தொடங்கிவிடும். அங்கே பழமொழி செல்லாது. விரல் வெளிறி மரத்துப்போனால் தேய்க்காதீர்கள், பனியால் தேய்ப்பது இன்னும் கெடுதல். உள்ளே கொண்டுவந்து வெதுவெதுப்பான நீரில் வையுங்கள். உணர்ச்சி திரும்பாவிட்டால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

இன்னொன்று, காரில் போகிறவர்களுக்கு. உப்பிய பனி உடையோடு குழந்தையைக் கார் சீட்டில் கட்டாதீர்கள். பட்டை இறுக்கமாக இருப்பதுபோல் தெரியும். மோதலில் அந்தப் பஞ்சு அமுங்கிவிடும், பட்டை தொளதொளத்துவிடும். மெல்லிய உடையோடு கட்டிவிட்டு, மேலே போர்வையைப் போர்த்துங்கள். கட்டிய பிறகு தோளருகே பட்டையைக் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு விரலில் சிக்கினால் இன்னும் இறுக்க வேண்டும்.

இரட்டைச்சுமை:
அம்மா, உங்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நீங்கள் சொன்னதைக் கணக்குப் போட்டீர்களா? வீட்டில் மாட்டியதை உறைந்த காரில் கழற்ற வேண்டும், இறங்கும்போது திரும்ப மாட்ட வேண்டும், வரும்போது மறுபடி கழற்ற வேண்டும். இரண்டு பிள்ளைகளுக்கும்! என் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

வழுக்கி விழுந்தவன்:
அதற்குத்தான் நான் முதலிலேயே காரை ஓடவிட்டுச் சூடாக்கி, பையனை உள்ளே உட்காரவைத்துவிட்டு, சுற்றியுள்ள பனியை அள்ளுவேன். அவனும் குளிரில் நிற்க வேண்டாம், நானும் கண்பார்வையில் வைத்திருக்கலாம்.

முன்னாள் செவிலி:
தம்பி, தயவுசெய்து அதை இன்றோடு விடுங்கள். காரின் புகைக்குழாய் பனியில் புதைந்திருந்தால் கார்பன் மோனாக்சைடு வெளியே போக வழியில்லாமல் காருக்குள் சேரும். நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. நீங்கள் முன்பக்கம் அள்ளிக்கொண்டிருக்கும்போது பிள்ளை தூங்கிவிட்டான் என்று நினைப்பீர்கள். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவைப்பதையும் நம்பாதீர்கள். முதல் கரண்டிப் பனி புகைக்குழாயைச் சுற்றித்தான். அள்ளி முடிக்கும்வரை பிள்ளை காருக்குள் வேண்டாம்.

வழுக்கி விழுந்தவன்:
இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இரண்டு குளிர்காலமாக இதைத்தான் செய்துவருகிறேன். நன்றி, அம்மா.

இரட்டைச்சுமை:
கம்பளிக்காரி அவர்களே, ஒரே ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் உடை மாட்டுவது யார்?

கம்பளிக்காரி:
என் கணவர்.

இரட்டைச்சுமை:
ஆகா!

கம்பளிக்காரி:
சிரிக்காதீர்கள். அவர் மாட்டுகிறார், வெளியே அழைத்துப்போவது நான். திரும்பி வந்ததும் உள்காலுறைவரை நனைந்ததை உரித்து, பூட்ஸுக்குள் காகிதத்தைத் திணித்து, கையுறைகளை ஹீட்டர் பக்கத்தில் காயவைப்பதும் நான்தான். வாசல் முழுக்கச் சேற்றுநீர். அதைத் துடைக்கும்போது எனக்கும் அந்தப் பழமொழி கசக்கத்தான் செய்கிறது. ஆனாலும் நாளைக்கும் போவேன். அந்த ஒரு மணி நேரம்தான் எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கடிப்பதில்லை.

இரட்டைச்சுமை:
வாளியும் கரண்டியும் சரி, நாளை வாசல்வரை முயன்று பார்க்கிறேன். பத்து நிமிடம், அதற்கு மேல் கேட்காதீர்கள். அதற்கு முன்னால் இடதுகைக் கையுறை ஒன்றைத் தேட வேண்டும். காலையில் இருந்தது. பனியில் மல்லாந்து படுத்த இடத்தில்தான் கிடக்கும், அதன்மேல் இப்போது புதிதாக ஒரு சாண் விழுந்துவிட்டது.