ஒடியா பேசும் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிப்பு: வழி சொல்லுங்கள்

வணக்கம். திருப்பூர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். சுற்றிலும் பனியன் கம்பெனிகள். 28 பிள்ளைகளில் 11 பேர் ஒடிசா, பீகாரிலிருந்து வந்த தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள்.

அரசின் அடிப்படைக் கற்றல் திட்டமான 'எண்ணும் எழுத்தும்' மதிப்பீட்டில் இவர்களில் பலர் கணக்கில் 'மலர்' என்ற மேல் நிலை. தமிழில் மட்டும் ஜூனிலிருந்து 'அரும்பு' என்ற தொடக்க நிலையைத் தாண்டவில்லை. ஒரு சிறுமி கரும்பலகையைப் பார்த்து 'மரம்' என்று முத்து முத்தாக எழுதுவாள். வாசிக்கச் சொன்னால் தலை குனிந்துவிடும். படத்தைக் காட்டினால் உடனே 'கச்ச' என்பாள். ஒடியாவில் மரத்துக்கு அதுதான் பேர். இவளை மெல்லக் கற்பவள் என்று பதிவுசெய்ய எனக்கு மனசு வரவில்லை.

பட அட்டை, பாட்டு, தமிழ் பேசும் பிள்ளையோடு ஜோடி சேர்ப்பது, மாலையில் அரை மணி நேரம் தனி வாசிப்பு எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். பேச்சு வந்துவிட்டது, எழுத்துக்கூட்டல் வரவில்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள் மூன்று வாரம் கழித்துத்தான் திரும்பினார்கள், பாதி மறந்துபோயிருந்தது. அப்பா அம்மா இருவருக்கும் ஷிப்ட், வீட்டில் சொல்லித்தர ஆளில்லை.

ஒடியா, இந்தி பேசும் பிள்ளைகளைத் தமிழ் எழுத்துக்குக் கொண்டுவர உங்கள் வகுப்பில் பலன் தந்த முறையோ இருமொழிச் சொல் அட்டையோ இருந்தால் பகிர்வீர்களா?