பிட்காயின் முகவரியின் 'பிரிஃபிக்ஸ்': முன்னொட்டா, முகப்பெழுத்தா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலில் 'பிரிஃபிக்ஸ்' (prefix, ஒன்றின் தொடக்கத்தில் வரும் பகுதி) என்பதற்கு எங்கும் 'முன்னொட்டு' என்றே வைத்துக்கொள்ளலாம் என்று ஐயா எழுதியிருந்தார்கள். பிட்காயின் முகவரியை, அதாவது அந்த மின்னணுப் பணத்தைப் பெறுவதற்கான எழுத்தும் எண்ணும் கலந்த தொடரை, பொறுத்தவரை எனக்கு அதில் தயக்கம் உண்டு. இங்கே பெங்களூரில், இந்திராநகரில் பதிவான வண்டியின் எண் 'கே.ஏ. 03' என்று தொடங்கும். அதை நீக்கினாலும் பின்னால் வரும் எண் அப்படியே இருக்கும். ஒட்டு என்பது அதுதான்.

3 என்று தொடங்கும் பிட்காயின் முகவரியிலோ அந்த 3ஐ யாரும் ஒட்டுவதில்லை. 5 என்ற மதிப்புள்ள ஒரு பைட் (0 முதல் 255 வரை மதிப்பு கொள்ளும் கணினி அலகு), 20 பைட் ஹாஷ் (தரவிலிருந்து கணக்கிட்டுச் சுருக்கிய எண்), பிழையைக் காட்டிக்கொடுக்கும் 4 பைட் சரிபார்ப்புத்தொகை ஆகிய மூன்றையும் ஒரே பேரெண்ணாகக் கொண்டு 58 அடிமானத்தில், அதாவது பத்து இலக்கங்களுக்குப் பதில் 58 குறிகளால், எழுதினால், தலை இலக்கத்தின் மதிப்பு எப்போதும் 2 ஆகவே அமைகிறது. கண்ணைக் குழப்பும் சுழியம், பெரிய ஓ, பெரிய ஐ, சிறிய எல் ஆகிய நான்கையும் விலக்கிய எழுத்து வரிசையில் 0 என்ற மதிப்புக்கு 1, அடுத்ததற்கு 2 என்று தொடங்குவதால், 2 என்ற மதிப்புக்கு உரிய வடிவம் 3 ஆகிறது.

மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பதற்கான பிட்காயின் சோதனை வலையமைப்பில் இது இன்னும் தெளிவு. முதல் பைட் 111 என்ற ஒரே மதிப்புதான். முகவரியோ, ஹாஷைப் பொறுத்து, சிறிய எம்மிலும் தொடங்கலாம், சிறிய என்னிலும் தொடங்கலாம். ஒட்டியது ஒன்றென்றால் தெரிவது எப்படி இரண்டாகும்?

இந்தக் கணக்கு அடுத்த எழுத்தையும் கட்டுப்படுத்துகிறது. 1 என்று தொடங்கும் 34 எழுத்து முகவரியில் இரண்டாம் எழுத்து பெரிய கியூவைத் தாண்டாது. ஆகவே 1ஐ அடுத்துத் தம் பெயர் ஆங்கிலத்தில், முதலெழுத்து மட்டும் பெரிதாக, வரும் முகவரியைத் தேடுவோரில் மணியைவிட ரவி 58 மடங்கு பாடுபட வேண்டும், ஏனெனில் பெரிய ஆர் என்ற எழுத்து 33 எழுத்துக்குச் சுருங்கிய முகவரிகளில்தான் அந்த இடத்தில் வரும். வேலுவுக்கோ வழியே இல்லை, சிறிய எல் வரிசையிலேயே கிடையாது.

எனவே 'முகப்பெழுத்து' என்பதை முன்வைக்கிறேன். வீட்டின் முகப்பு கட்டடத்தோடு எழுவது, பின்னர் ஒட்டியதன்று. 'தலையெழுத்து' முதலில் தோன்றியது, ஆனால் பணம் போட்டவர்கள் அதை வேறு விதமாகப் படிப்பார்கள்.

2017இல் முன்மொழியப்பட்ட பெக்32 (Bech32) என்ற வேறு வகை முகவரிக்கு ஐயாவின் சொல்லே பொருந்தும். அதன் முன்னால் வரும் 'பிசி', சரிபார்ப்புக் கணக்கில் சேர்ந்தாலும், உண்மையில் எழுதி ஒட்டப்பட்டதே. தொடர்ந்து வரும் 1 வெறும் பிரிப்புக்குறி. இரண்டு சொற்களையும் தனித்தனிப் பதிவுகளாகச் சேர்க்கலாமா?